வலது தொடைக்கு மட்டும்

அவள் சலவைக் கடையில் நாள் முழுக்க நின்றபடி இஸ்திரி போடுகிறவள். கணவன் கார் பட்டறையில் இடிபட்ட கதவுகளைத் தட்டி நிமிர்த்துகிறவன். ஒருநாள் அவள் உடை மாற்றும்போது, "என்னடி, தொடையெல்லாம் குண்டும் குழியுமா இருக்கு? பட்டறைக்கு வா, தட்டி எடுத்துடறேன்" என்றான். அதோடு விட்டிருந்தால் போகட்டும். சாப்பிடும்போது தன் தங்கையிடமும் சொன்னான். நாத்தனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

தொடைப் பள்ளங்களை மறைய வைக்கும் என்று டப்பாவில் போட்டிருந்த க்ரீம் ஒன்றை அவள் வாங்கி வந்தாள். ஏற்கெனவே இரண்டு க்ரீமில் ஏமாந்தவள் என்பதால், இந்தத் தடவை வலது தொடையில் மட்டும் தேய்த்தாள். தோல் திகுதிகுவென்று எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் தேய்த்தாள். டப்பா காலியானபோது கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு தொடையும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன.

மனசு கேட்காமல் அவனைக் கூப்பிட்டாள். "ஒரு கால்லதான் க்ரீம் போட்டேன். எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

அவன் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தான். பிறகு இடது தொடையைத் தட்டினான்.

"இதுதானே? வழவழன்னு ஆயிடுச்சே! நல்ல சரக்குடி. தங்கச்சிக்கும் ஒண்ணு வாங்கிக் குடு."

இந்தக் கண்ணுக்குப் பயந்தா இத்தனை நாள் எரிச்சலைப் பொறுத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு வாயெல்லாம் கசந்தது.

"வாங்கிக் குடுக்கறேன்" என்றாள்.