நாய்க்குப் பக்கத்துப் பெட்டி

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே, கப்பலேறக் காத்திருக்கும் கண்டெய்னர்களை அடுக்கிவைக்கும் ஒரு யார்டில் எனக்கு வேலை. பல வருஷம் டாக்குமென்ட் அறையில் விரல் தேயத் தட்டச்சு செய்தவளுக்குத் திடீரென்று 'டேட்டா ஸ்ட்ராட்டஜி' பொறுப்பு என்று ஒரு பதவி வந்தது. கூடவே மாடியில் ஏசி அறையும் ஜன்னலோரச் சீட்டும் வந்ததால், பதவிக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. இணையத்தைத் துழாவி நாற்பது பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினேன். பாதிக்கு மேல் அம்புக்குறிகள்.

எம்.டி. முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "இதெல்லாம் இருக்கட்டும். மாசக் கடைசிக்குள்ள ஒண்ணே ஒண்ணு வேலை செய்யுதுன்னு காட்டுங்க. இல்லன்னா பழையபடி கீழ போயிருங்க" என்றார். கீழே இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் ஃபைல்களைப் பார்த்துத்தான் சுற்றும்.

எங்கள் யார்டில் எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்பது யார்டு இன்சார்ஜ் ஒருவருக்குத்தான் தெரியும். கப்பலில் வேலை பார்த்துவிட்டுக் கரையேறிய மணப்பாட்டுக்காரர், என் வயதுதான். அவர் லீவு போட்டால் டிரைவர்கள் வெயிலில் நம்பர் தேடி அலைவார்கள். இதைச் சரிசெய்து காட்டிவிடலாம் என்று அவருடைய நோட்டைப் புரட்டினேன். இடம் என்ற கட்டத்தில் 'மாதா கெபிக்குத் தெக்க', 'வேப்பமரத்தடி', 'ஓடாத கிரேன்' என்று எழுதியிருந்தார். கெபி என்றால் மாதா சிலை வைத்த சின்னக் குகை. மற்றதெல்லாம் 'நாய்க்குப் பக்கத்துல'. நடு அடுக்கை விட்டு நகராத ஒரு செவலை நாய் எங்களுக்கு உண்டு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தரையெங்கும் மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டு எண் எழுதவைத்தேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை.

"பெட்டிய எறக்கிட்டா நம்பர் அடியில போயிருதே மேடம். குனிஞ்சா பாக்க?" என்று கேட்டார் இன்சார்ஜ். நியாயமான கேள்வி. அதனால் இன்னும் கோபம் வந்தது.

மாசக் கடைசிக்கு நாலே நாள். வெட்கத்தை விட்டு, அவர் நோட்டிலிருந்த இடங்களையே செல்போனில் பட்டியலாக்கினேன். டிரைவர்கள் அவரவர் போனில் பெட்டி நம்பரை அடித்து மாதா, மரம், கிரேன், நாய் என்று ஒன்றைத் தொட்டால் போதும். இரண்டே நாளில் யார்டு முழுக்கப் பதிவாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி நாள் மதியம் மூன்று மணிக்கு எம்.டி. வந்தார். அன்று காலை வந்திறங்கி, மாலைக் கப்பலுக்குப் போகவேண்டிய நிலாவாரைப் பெட்டியைத் தேடச் சொன்னார். நிலாவாரை இலை மலச்சிக்கலுக்கு மருந்து. வெளிநாட்டு வயிறுகள் பல எங்கள் ஊரை நம்பியிருக்கின்றன. நம்பரை அடித்தேன்.

"நாயா?" என்றார் எம்.டி.

"ஆமா சார்." வேறென்ன சொல்ல?

நாய் அடுக்குக்குக் கிழக்கே நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துப் பெட்டியில் உப்பு. அடுத்ததிலும் உப்பு. எம்.டி. என்னைப் பார்த்த பார்வையில் மின்விசிறி தெரிந்தது.

இன்சார்ஜ் என் செல்போனை எட்டிப் பார்த்தார். "காலையில ஒம்போது மணிக்குப் போட்டதா? அப்ப நாய் மேக்கல்லா கெடந்திருக்கும்! காலையில நெழல் அங்கன, மத்தியானத்துக்கு மேலதான் இங்கன. இதுகூடத் தெரியாமலா பட்டியல் போட்டிய?"

அடுக்கைச் சுற்றி மேற்கே ஓடினேன். நிலாவாரை நின்றுகொண்டிருந்தது. கட்டிப்பிடிக்கப் போனேன். இரும்பு கொதித்ததால் விட்டுவிட்டேன்.

எம்.டி. பின்னாலேயே வந்து சேர்ந்தார். "அந்த நாய் செத்துப்போனா?"

என் திட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் உருப்படியான கேள்வி. நான் இன்சார்ஜைப் பார்த்தேன்.

"நெழல் இருக்குல்லா சார். வேற நாய் வந்து படுக்கும்" என்றார் இன்சார்ஜ்.

எம்.டி. சிரித்துவிட்டார். "சரி, மேலயே இருங்க" என்றார் என்னிடம்.

மறுநாள் காலை முதல் வேலையாக நாயை நீக்கிவிட்டு 'மேற்கு நிழல்', 'கிழக்கு நிழல்' என்று திருத்தினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். மதியம்வரை அந்த அடுக்கில் ஒரு பெட்டிகூடப் பதிவாகவில்லை. இறங்கிப்போய் விசாரித்தேன்.

"பட்டியல்ல நாயக் காணோமே மேடம்" என்றார் ஒரு டிரைவர், நிஜமான கவலையோடு.

அங்கேயே நின்று 'காலை நாய்', 'மாலை நாய்' என்று சேர்த்தேன். பதிவுகள் வரிசையாக வர ஆரம்பித்தன. என் சீட்டைக் காப்பாற்றியது என் மூளையல்ல, இன்சார்ஜும் இந்த டிரைவர்களும்தான் என்று புரிந்தபோது கொஞ்சம் கூச்சமாகவும் ரொம்ப நிம்மதியாகவும் இருந்தது.