பேக்கலைட் அறுக்க ஒரு ரம்பம்

இன்று காலை அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் ஏறி ஹட்டனுக்கு ரம்பம் வாங்கப் போனேன்.

காலொடிந்து வீட்டில் படுத்திருக்கும் தங்கச்சிக்கு நானே ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ செய்கிறேன். பாகங்களை ஈயத்தால் பற்றவைக்க, செம்புத் தகடு ஒட்டிய பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பலகை வேண்டும். நேற்று அதை மரம் அறுக்கும் ரம்பத்தால் அறுத்தபோது பாதி பிளந்துபோனது. மீதியும் போனால் இங்கே வேறு கிடைக்காது.

இரும்புக்கடை முதலாளி இன்னொரு மர ரம்பத்தையே நீட்டினார். "வீட்டுக்காரர அனுப்புங்க டீச்சர், அவருகிட்ட வெவரமா சொல்றேன்."

"அறுக்கப்போறது நான்தாங்க. இரும்பு அறுக்கிற ரம்பத்துல, பல்லு ரொம்பப் பொடியா இருக்கிறதக் காட்டுங்க."

வாங்குமுன், நான் கையோடு கொண்டுபோயிருந்த பலகையின் ஓரத்தில் அறுத்துப் பார்க்க வேண்டும் என்றேன். தயங்கினார். நான் நகரவில்லை. கடைசியில் அவரே பலகையை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ரம்பத்தில் மாட்டிய முதல் பிளேடு செம்பைப் பிய்த்தது. அடுத்ததைச் சற்றுச் சாய்த்து, மெதுவாக இழுத்தேன். ஒரு சில்லுகூடத் தெறிக்காமல் நேராக இறங்கியது. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ரம்பத்தைக் காகிதத்தில் சுற்றியபடி முதலாளி குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நம்ம கடை ரேடியோவும் ஊமையா கெடக்குதுங்க..."

"மொதல்ல தங்கச்சி ரேடியோ பாடட்டுங்க" என்றேன்.

இனி பற்றவைக்கும் வேலை. விரல் சுடாமல் அதைச் செய்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.