நஸ்ரின் மூடி வைத்தது

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கோவையிலிருந்து தாம்பரம் வந்தேன். முகூர்த்தம் முடிந்த கையோடு அனகாபுத்தூர் போய்விடுவது என்று முன்பே முடிவு. நான் பிறந்து வளர்ந்த ஊர். அங்கே என் தோழி நஸ்ரினின் (பெயரை மாற்றியிருக்கிறேன்) அத்தாவிடம், அதாவது அவள் அப்பாவிடம், இருபத்தாறு வருட உண்மை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

தாம்பரத்தில் 10.20 மின்சார ரயில். பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து ஷேர் ஆட்டோவுக்கு இருபது. "பம்மல் ரோட்ல டிராபிக் பேஜாரா கீதுக்கா, அரை அவர் ஆவும்" என்றார் டிரைவர். நாலரை கிலோமீட்டருக்கு அரை மணியா! ஆனது. பழையதை அசைபோட நேரம் கிடைத்தது.

பிளஸ் டூ படிக்கும்போது, "அக்கா தைக்கறதுக்கு மாடல் வேணும்" என்று புளுகி நஸ்ரினின் புர்காவை வாங்கினேன். முகத்தையும் மூடிக்கொண்டு ஒருத்தனோடு சினிமாவுக்குப் போனேன். கையில் பச்சைப் பூவேலை செய்த புர்கா. ஊரிலேயே அவளிடம் மட்டும்தான் உண்டு. யாரோ பார்த்து அத்தாவிடம் வத்தி வைத்துவிட்டார்கள். நஸ்ரினின் படிப்பு அதோடு நின்றது. அவள் என் பெயரைச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு கோழை நான்.

அதே சந்து, அதே வீடு. "அடிப்பாவி, குண்டாயிட்டியேடி!" என்று நஸ்ரின் கட்டிக்கொண்டாள். டீ வந்தது, பேச்சு வளர்ந்தது. மதியம் ஆகிவிட்டது. கடைசியில் வந்த விஷயத்தைச் சொல்லி, "அத்தா எங்கடி?" என்றேன்.

"அத்தா மவுத்தாகி நாலு வருசமாச்சுடி."

அவர் இறந்த செய்தி எனக்கு வந்து சேரவேயில்லை. "நீயாவது அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். நானும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன்; சின்ன வயதில் அவள் வீட்டில் தொற்றிய பழக்கம். பாங்கு முடிந்ததும் சொன்னாள்: "உங்கப்பா உன்னக் கொன்னே போட்டிருப்பாரு. அடுத்தவங்க குறைய நாம மூடுனா நம்ம குறைய அல்லா மூடுவான்னு அம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. தலைய மூடிட்டு வாயத் தொறந்து வெச்சா அது என்னடி மறைப்பு?"

"அத்தாகிட்ட மட்டுமாவது?"

"'நான் போகல, அத்தா'ன்னு மட்டும் சொன்னேன். அவரு நம்பல. மவுத்தாகறதுக்கு முந்தின நாள், 'உன்ன மன்னிச்சுட்டேம்மா'ன்னாரு." சிரிக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. நானும் அழுதேன்.

போகிறவர்களுக்கு: பதினோரு மணிக்கு மேல் கிளம்பினால் நெரிசல் கொஞ்சம் குறைவு. சந்துக்குள் ஆட்டோ வராது, ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். யாரிடமாவது சொல்ல வேண்டியது பாக்கி இருந்தால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். இதற்கு முன்பும் மூன்று கல்யாணங்களுக்குத் தாம்பரம் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். மூன்று தடவையும் அத்தா உயிரோடு இருந்தார்.