பிள்ளையை விட்டுட்டு சுவரை மட்டும் எடுங்க!

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது காரைக்காலுக்குப் பக்கத்தில் வரிச்சிக்குடியில் குடியிருந்தோம். வீட்டில் நான், மாமியார், தவழ்கிற வயதில் என் மகள். கணவருக்கு துபாயில் கட்டட வேலை. நான் மாசமாக இருந்தபோதே விமானம் ஏறியவர், மகளை போட்டோவில் பார்த்ததோடு சரி.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டின் மண்சுவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு சமையலைத் தொடர்ந்தோம். இந்த விஷயம் மட்டும் மகன் காதுக்குப் போகவே கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதற்குக் காரணம் இருந்தது. என் கணவர் பாசக்காரர், அதைவிட அவசரக்காரர். முன்பு திருப்பூரில் வேலைக்குச் சேர்ந்தவர், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று யாரோ சொன்னதும் வேலையை உதறிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். இறங்கிப் பார்த்தால் அவர் அம்மா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்! துபாய் வேலை அப்படி இல்லை. அக்ரிமெண்ட் முடியாமல் பாதியில் வந்தால் மறுபடி போக முடியாது. எங்கள் மூவரின் பிழைப்பும் அந்த வேலையில்தான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து, அவரோடு வேலை பார்த்த திருமலைராயன்பட்டினத்துக்காரர் ஒருவர் லீவில் வந்திருந்தார். வீட்டுக்கு வந்து, “புள்ளய ஒரு வீடியோ எடுத்துக் குடுங்கம்மா, நான் கொண்டுபோய்ச் சேத்துடுறேன். எங்க ரூம்ல கேசட் போட்டுப் பாக்குற டெக் இருக்கு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் சிரிப்பதையும் தவழ்வதையும் என் கணவர் பார்க்கப்போகிறார்!

மாமியாருக்கோ சுவர் கவலை. காரைக்காலில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்கும் ஒருவரிடம் போய்ச் சொன்னோம். ஸ்டுடியோவிலேயே எடுத்திருக்கலாம். ஆனால் மகள் புது இடத்தைக் கண்டாலே ஊரைக் கூட்டுவாள். “அதுக்கென்ன, ஸ்டுடியோவுல பின்னாடி தொங்குற படுதாவ அங்க கொண்டாந்து கட்டிடுவோம். கேமராவுக்கு முன்னாடி இருக்குறதுதான் தெரியும், படுதாவுக்குப் பின்னாடி என்ன இருந்தா யாருக்கு என்ன?” என்றார் வீடியோக்காரர்.

சொன்னபடியே வந்தார். காலை வெளிச்சம் கொல்லைப்பக்கம்தான் நன்றாக இருந்தது. இடிந்த சுவரும் அங்கேதான் இருந்தது. அதை மறைத்துப் படுதாவைக் கட்டினார். படுதாவில் வரைந்திருந்தது ஓர் ஏரி, அதில் இரண்டு அன்னம், கரையில் ஒரு மாளிகை. வரிச்சிக்குடியில் அப்படி ஓர் ஏரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மாமியார் பட்டுச்சேலை கட்டி ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாய் ஓயாமல் பேசுகிறவர், கேமராவைப் பார்த்ததும், “தம்பி, நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீயும் நல்லா இரு” என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிரே மகளைக் கூப்பிட்டபடி நின்றேன்.

அவளோ என் பக்கம் வராமல் அன்னத்தைப் பிடிக்கப் போனாள். படுதாவின் ஓரத்தைப் பிடித்து எழுந்து நின்றாள். கடல்காற்று வேறு ஒரு தள்ளுத் தள்ளியது. அவ்வளவுதான், கயிறு அவிழ்ந்து ஏரி, அன்னம், மாளிகை எல்லாம் சுருண்டு கீழே விழுந்தன. பிடிமானம் போன பிள்ளை தள்ளாடினாள், திரும்பினாள், என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நடந்து வந்தாள். ஆமாம், நடந்து! அதுவரை ஓரடிகூடத் தனியாக எடுத்து வைக்காதவள். வந்து என் காலைக் கட்டிக்கொண்டதும் நான் அழுதேவிட்டேன்.

மாமியாரும் கைதட்டிச் சிரித்தார். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். மண்மேடு, தார்ப்பாய், கரி பிடித்த அடுப்பு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. “கேமராவ நிறுத்திட்டீங்கல்ல?” என்று கேட்டார். “புள்ள நடக்கும்போது எவனாவது நிறுத்துவானாம்மா?” என்றார் வீடியோக்காரர்.

மாமியார் லேசில் விடுகிறவரா? இதே வீடியோக்காரர் எடுத்த, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை முகம் தாமரைப்பூவுக்குள் சுற்றிச் சுற்றி வந்ததை அவர் பார்த்திருந்தார். “அன்னைக்கு மாப்பிள்ளையத் தூக்கிப் பூவுக்குள்ள வச்சீங்கல்ல தம்பி? அதே மாதிரி பிள்ளையை விட்டுட்டு சுவரை மட்டும் எடுங்க. எடுத்துட்டு அந்த மாளிகைய வச்சிடுங்க” என்றார்.

வீடியோக்காரர் சிரிக்கவில்லை. தஞ்சாவூரில் கல்யாண வீடியோக்களுக்குப் பூவெல்லாம் சேர்த்து மிக்ஸிங் செய்கிறவரிடம் கேசட்டை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து அவர் சொன்னதை இன்றும் மறக்க முடியாது. “பூவுக்குள்ள முகத்த வைக்கலாம்மா. ஆனா கால் தெரியாது, நடக்குறது தெரியாது. கால் தெரியணும்னா சுவரும் தெரியும். ஓடுற புள்ளயச் சுத்தி வெட்டி எடுக்குற மிஷின் அவங்ககிட்ட இல்லையாம். வேணாம்னா அந்த இடத்த மட்டும் அழிச்சுடுறேன்.”

“அழிச்சுடுங்க” என்றார் மாமியார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு துணிச்சல் வந்ததோ! “சுவர நாளைக்குக் கட்டிக்கலாம் அத்தை. இவ மொத மொத நடந்தத திரும்ப நடக்கச் சொல்ல முடியுமா? பெத்தவரு அத பாக்க வேணாமா?” என்று கேட்டுவிட்டேன். மாமியாரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் பேத்தியை மடியில் இழுத்து வைத்து அவள் பாதங்களைத் தடவிக்கொடுத்தார். பிறகு, “சரி, குடுத்தனுப்பு. அவன் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நின்னா நீதான் பதில் சொல்லணும்” என்றார்.

லீவில் வந்தவரோடு கேசட் துபாய் போய்விட்டது. அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். காரைக்கால் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். பெட்டியோடு யாராவது இறங்கினால் எட்டி எட்டிப் பார்ப்பேன். அவரைப் பார்க்க ஏங்கிக்கொண்டே, அவர் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்ட நாட்கள் அவை. மாமியாரும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் மதியம், துபாயிலிருந்து வந்த வேறு ஒருவர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால், நாங்கள் அனுப்பிய அதே கேசட்! கோபத்தில் திருப்பி அனுப்பிவிட்டாரோ என்று நினைத்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீடியோக்காரர் கடைக்கு ஓடினோம்.

அவர் டெக்கில் போட்டார். மாமியார் ஒப்பித்தது, படுதா விழுந்தது, மகள் நடந்தது எல்லாம் அப்படியே வந்தன. பிறகு கொஞ்ச நேரம் வெறும் புள்ளிகள். திடீரென்று என் கணவர் முகம்! யாரிடமோ கேமரா வாங்கி, எங்கள் கேசட்டில் மிச்சம் இருந்த இடத்தில் தன்னைப் பிடித்து அனுப்பியிருந்தார்.

“அம்மா, நான் அனுப்புற போட்டோவுல எனக்குப் பின்னாடி ஒரு காரு நிக்கும்ல? அது எங்க மேனேஜரோடது. நான் உக்காந்திருக்குற சோபா ஆபீஸ் சோபா” என்றார். கேமரா மெல்லத் திரும்பியது. ஒரு சின்ன அறை, ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள், குறுக்கே கொடியில் காயும் சட்டைகள். “இதுதான் என் ரூம்பு. சுவரப் பாத்தேன். அன்னைக்கே கிளம்பிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா புள்ள விழாம நடந்துச்சே, அதப் பாத்து, நீங்க சமாளிச்சுக்குவீங்கன்னு தைரியம் வந்துடுச்சு. அக்ரிமெண்ட முடிச்சுட்டே வர்றேன். வந்து செங்கல்லுலயே கட்டுவோம். இனிமே எதையும் மறைக்காதீங்க, நானும் மறைக்கல.” பின்னால் அறைத் தோழர்கள் எல்லோரும் கட்டிலில் உட்கார்ந்து என் மகளுக்குக் கையசைத்தார்கள். அவள் நடப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அவர்களும் அவளுக்கு மாமன்களாகிவிட்டார்களாம்.

“எளைச்சுட்டானே” என்று மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வெளியே வந்ததும் என் கையிலிருந்த பிள்ளையை வாங்கிக்கொண்டு, “நீ சொன்னதுதான் சரி” என்றார். எனக்கு அன்று வானத்தில் நடக்கிற மாதிரி இருந்தது. சொன்ன சொல் தவறாமல் அவர் அக்ரிமெண்ட் முடித்து வந்தார். செங்கல் சுவரும் எழும்பியது.

அன்று நடந்த மகள் இன்று வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள். ஒருநாள் வீடியோ காலில் வந்தபோது அவளுக்குப் பின்னால் கடற்கரையும் தென்னை மரங்களும் தெரிந்தன. தலையைத் திருப்பினால் ஒரு காது காணாமல் போய்த் திரும்ப வந்தது. இப்போது படுதாவே வேண்டாமாம், ஒரு பட்டனைத் தட்டினால் பின்னால் இருப்பது போய் வேறு வந்துவிடுமாம். தஞ்சாவூரில் அன்று இல்லாத மிஷின், என் மகள் கைக்குள்ளேயே இருக்கிறது! “அத எடுத்துட்டுப் பேசும்மா” என்றேன். “ரூம் குப்பையா கெடக்கும்மா” என்று சிணுங்கிக்கொண்டே எடுத்தாள். மடிக்காத போர்வை, நாற்காலி மேல் துணிக்குவியல், கழுவாத காப்பிக் கோப்பை. அதைப் பார்த்த பிறகுதான், என் பிள்ளை அங்கே நன்றாக இருக்கிறாள் என்று என் மனசு நம்பியது.