கல்லில் விட்ட இடம்

மார்னி பீல் நண்டு உடைத்துப் பிழைக்கிறவள். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் அவளுடைய வீட்டுச் சமையலறையிலேயே தொழில். வெந்த நண்டை உடைத்து, ஓடு கலக்காமல் சதையை எடுத்து, டப்பாவில் அடைத்துக் கடைக்குக் கொடுப்பாள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள், அதிகம் பேசமாட்டாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று, எந்தப் படிவத்தை நீட்டினாலும் அவள் ‘திருமணமானவர்’ என்றுதான் எழுதுவாள்.

அவள் கணவன் கெல்வின் சிங்கி இறால் பிடிக்கும் கூடுகளைத் தூக்கக் கடலுக்குப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்த நவம்பரில் படகைக் கண்டுபிடித்தபோது இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத படகு ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காதவனை இறந்தவன் என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

இந்த வசந்தத்தில் மகள் டெஸ்ஸுக்குக் கல்லூரியில் நர்சிங் இடம் கிடைத்தது. கட்டணத்தில் பெரும்பகுதியை அரசு உதவித்தொகை ஏற்கும். கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தை நிரப்பும்போது, அம்மா சொன்னபடியே பெற்றோர் திருமணமானவர்கள் என்று டெஸ் குறித்தாள். அப்பாவின் மின்னஞ்சலைக் கேட்டது, பழையதைப் போட்டாள். அதற்குப் பிறகு எப்போது திறந்தாலும் ஒரே வரிதான்: தந்தையின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறோம்.

மார்னி அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தன்னோடு சேர்ந்து காத்திருக்க இன்னொரு ஆள் கிடைத்ததுபோல இருந்தது.

மே முதல் தேதிக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் போய்விடும் என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது.

“பிரிஞ்சு வாழறாங்கன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. விட்டுட்டுப் போயிட்டாருன்னு போட்டுடலாம்” என்றாள் டெஸ்.

“உங்கப்பா விட்டுட்டுப் போற ஆளில்ல.”

“அப்ப நீயே போய் அவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா.”

சொல்லி முடித்ததும் டெஸ்ஸின் முகம் வெளுத்தது. மார்னி அடுத்த நண்டை எடுத்தாள்.

மறுநாள் இடா பிங்கமைப் பார்க்கப் போனாள். கடலில் போனவர்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஊர்ச் சங்கம் இடாவின் பொறுப்பில் இருந்தது. அரசு தருவதுபோக மிச்சத்தைச் சங்கம் தரும். கடலில் இறந்தவர்களின் பெயர் வெட்டிய துறைமுகத்துக் கல்லில் தகப்பன் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பம் சொல்லாமல் யார் பெயரையும் வெட்டமாட்டார்கள்.

இடா அவளைக் கல்லருகே கூட்டிப்போனாள். மார்னி இத்தனை வருடமும் அந்தப் பக்கம் வந்ததில்லை. கடைசி வரிசையில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு பெயரளவுக்கு வெறும் இடம் இருந்தது.

“அந்த வருஷமே விட்டு வைக்கச் சொல்லிட்டோம்” என்றாள் இடா. “நீ சொல்றப்ப வெட்டிக்கலாம்னு.”

“எல்லாருக்கும் தெரியுமா?”

“உன்னைத் தவிர எல்லாருக்கும், கண்ணு.”

மார்னி அந்த வழவழப்பைத் தொட்டாள். குளிர்ந்து, ஈரமாக இருந்தது. ஊரே அவனைப் புதைத்துவிட்டு வந்து அவளிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

இடா காகிதத்தில் கெல்வினின் பெயரையும் படகின் பெயரையும் எழுதினாள். “தேதி? ஒம்பதுன்னு போடவா, பத்துன்னு போடவா? படகு கிடைச்சது பத்தாந்தேதி காலைல.”

நவம்பர் தண்ணீரில் எவனும் ஒரு மணி நேரம் தாங்கமாட்டான் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மார்னிக்குக் கெல்வின் விடியும்வரை நீந்திக்கொண்டிருந்தான், ஒன்பது வருடமும். விளக்கை அணைத்ததும் அவன் கைகள் தண்ணீரை அடிக்கும் சத்தம் சுவருக்கு அப்பால் கேட்கும். பத்து என்றால் அவன் அந்த இரவு முழுக்க நீந்தியவன். ஒன்பது என்றால், அவள் ரேடியோ கேட்டபடி அவன் சாப்பாட்டை மூடிவைத்தபோதே எல்லாம் முடிந்திருந்தது.

“ஒம்பது” என்றாள். “மத்தியானமே.”

“மத்தியானமெல்லாம் கல்லுல வெட்ட மாட்டாங்கம்மா.”

“அது உங்களுக்குச் சொன்னேன்.”

வீட்டுக்கு வந்து டெஸ்ஸை விண்ணப்பத்தைத் திறக்கச் சொன்னாள். ‘கணவரை இழந்தவர்’ என்ற கட்டத்தைத் தன் விரலாலேயே அழுத்தினாள். டெஸ் அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

இரண்டு உதவியும் வந்தன. ஆகஸ்டில் டெஸ் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மார்னி இப்போது தனியாகப் படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறாள். சுவருக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை. அவன் தானாக நீந்துவதை நிறுத்தினானா, அவள் சொன்னதால் நிறுத்தினானா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.