ஏர் பிரேக்

லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள எவ்வளவு செலவாகும் என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. டிரைவிங் ஸ்கூலில் போய்க் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். எனக்கு ஆன செலவைச் சொன்னால் கேட்டவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவான்.

விஸ்வநத்தம் எனக்குச் சொந்த ஊர். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. அந்த அறையில் நாலு பேர்தான் இருக்கலாம், நாலு பக்கமும் வாசல் இருக்கும், கதவைச் சாத்தக் கூடாது. செருப்பு போடக் கூடாது, இடுப்பில் சாவிக்கொத்து கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது. இதெல்லாம் போர்டிலேயே எழுதியிருக்கும். எழுதாத ஒன்றை, உடன் வேலை பார்ப்பவர்கள் முதல் நாளே காதில் போட்டுவிடுவார்கள். மருந்து புஸ்ஸென்று சீறினால் ஓடு. என்ன ஏதென்று பார்க்காதே, பக்கத்தில் இருப்பவனைக் கூப்பிடாதே, திரும்பாதே.

ஒரு நாள் சீறியது. நான் ஓடினேன். எதிர் வாசலில் உட்கார்ந்திருந்தவன் எனக்குப் பங்காளி முறை. அவனும் வெளியே வந்துவிட்டான். வந்தவன் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறான். என்னைத்தான் தேடியிருப்பான் பாவி. அவனை மூட்டையாகக் கட்டித்தான் வீட்டாரிடம் கொடுத்தார்கள்.

அவனுடைய காரியம் முடிந்து வந்த அன்று என் மனைவி வாசலிலேயே நின்று சொன்னாள். “இனிமே இந்த வீட்டுல இருந்து ஒரு ஆளு மருந்து ரூமுக்குள்ள கால் வைக்கக் கூடாது.”

சரி, வேறு என்ன வேலைக்குப் போக? மழையை நம்பிக் கிடக்கும் புஞ்சைக் காடு சோறு போடாது. குட்டியானை வேன் ஓட்டுகிற லைசென்ஸ் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டால் ஆலங்குளம் பக்கம் சிமென்ட் லோடு அடிக்கலாம் என்றார்கள். ஆனால் ஸ்கூலுக்கு முன்னாடியே பணம் கட்ட வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் கூலியும் கிடையாது. சீசனுக்கு வேலைக்கு வருகிறேன் என்பவனுக்குத்தான் கம்பெனி அட்வான்ஸ் கொடுக்கும். வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்பவனுக்கு எவன் கொடுப்பான்?

அவள் அதுவரை வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்தவள். தாயில்பட்டியில் ஒரு கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். மருந்து செலுத்துகிற வேலைக்கு.

“எம் பேச்ச நானே மீறுறேன்னு நெனைக்காதீக. நீங்க லைசென்சு வாங்குற வரைக்குந்தான். வாங்குனதும் நின்னுக்கிடுறேன்.”

அந்தப் பணத்தைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. எனக்குத் தெரிந்ததை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கொண்டை ஊசியைக் கழற்றச் சொன்னேன், வாசலைப் பார்த்து உட்காரச் சொன்னேன். சீறினால் ஓடு, நானே உள்ளே இருந்தாலும் திரும்பிப் பார்க்காதே என்றேன். சரி என்றாள்.

ஸ்கூல் லாரி பழைய வண்டி. முதல் நாள் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினேன். ஏலே, கோயிலுக்குள்ளயா போற என்றார் ஓட்டச் சொல்லித்தருகிறவர். கொஞ்ச தூரம் ஓட்டிக்காட்டி ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். புஸ்ஸென்றது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, சீமைக்கருவேல முள்ளுக்குள் சட்டை கிழிந்து நான் நின்றதுதான். ஏர் பிரேக்கில் காற்று வெளியேறும் சத்தம். அவ்வளவுதான். அந்த மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் புஸ்வாணம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கழுத்தை நெரித்திருப்பேன்.

பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. நிற்கிற லாரியில் என்னை உட்காரவைத்து, பிரேக்கைப் போட்டுப் போட்டு எடுக்கச் சொன்னார். ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேர்த்துக் கொட்டும். வீட்டுக்கு வந்தால் அவள் கேட்பது ஒரே கேள்விதான், இன்னைக்கு எறங்குனீகளா என்று. இறங்கின நாளிலும் இல்லையென்று சொல்லியிருக்கிறேன்.

டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் ஓட்டினேன், பின்னாலும் எடுத்தேன். கிளட்ச் பிளேட் சூடாகிக் கருகல் வாடை அடித்தது. அந்த வாடையில் கொஞ்சம் கலங்கிப்போனேன். நிறுத்து என்றார். நிறுத்தினேன், புஸ்ஸென்றது. மைதானத்தின் கடைசியில் நின்றபோதுதான் எனக்கு உணர்வு வந்தது. பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. லாரிக்குள் இன்ஸ்பெக்டர் மட்டும் இருந்தார்.

“வண்டிய விட்டுட்டு ஓடுறவனுக்கு நான் எப்படிய்யா கையெழுத்துப் போட?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைப் போட்டுவிட்டு, “ஓடுனதுனாலதான இருக்கீக” என்றாள். அடுத்த சீசனுக்கும் அட்வான்ஸ் வாங்கினாள்.

அந்தச் சீசனில்தான் குக்கரை எடுத்துப் பரணில் போட்டாள். பானைச் சோறு போல ருசி வராது என்றாள். நம்பினேன், மடையன். எந்நேரமும் கதவு திறந்தே கிடந்தது. வெக்கையாக இருக்கிறது என்றாள், அதையும் நம்பினேன்.

எனக்கு மெல்ல மெல்லப் பயம் விட்டுப்போனது. பிரேக் சீறும்போது பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அளவுக்கு வந்துவிட்டேன். இரண்டாவது தடவை அதே இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே பாஸ் போட்டார். சிமென்ட் லோடு கிடைத்தது. அவளுடைய அட்வான்ஸ் கழிய வேண்டியிருந்ததால் சீசன் முடியும்வரை அவள் போய்வந்தாள். நல்லபடியாக முடிந்தது, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் லோடு இறக்கிய லாரியோடு தாயில்பட்டி ரோட்டில் காத்திருந்தேன். நடந்து வந்தாள். லாரியைச் சுற்றி ஒரு நடை பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி, உள்ளே காலடியில் வைத்தாள். இனிமேல் கருக்கலில் எழுந்திருக்க மாட்டேன், வெயில் ஏறுகிறவரை தூங்குவேன், நீங்களே டீ போடுங்கள் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

வழியில் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டைக் கடந்தது. நிறுத்தினேன்.

புஸ்ஸென்றது.

பக்கத்து சீட் காலியாக இருந்தது. கதவு ஆடிக்கொண்டிருந்தது. அவள் கருவேலங்காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொல்லிக் கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டாள், நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். பாதமெல்லாம் முள். பக்கத்தில் போய்க் குந்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

“காத்துதானா?” என்றாள்.

“காத்துதான்.”

“நான் நின்னாச்சுல்ல? இன்னையோட நின்னாச்சுல்ல?”

நின்றாயிற்று என்றேன். கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றிவிட்டேன். கதவைச் சாத்தப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சாத்தாம வரலாமா?”

சரி என்றேன். திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, காலி லாரியை வீடு வரை மாட்டு வண்டி மாதிரி ஓட்டிவந்தேன்.