குமுதா அத்தையின் ‘சும்மா ஒரு சீன்’

அத்தையைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: “தேவிக்கு நம்ம கடைப் புடவைய குடுக்காதப்பா.”

தேவி கலசப்பாக்கத்துப் பெண். சண்டைக் காட்சி வேலைகளுக்கு அத்தையோடு போய் வந்துகொண்டிருந்தவள். மாலையைச் சார்த்திவிட்டு அப்பாவிடம், “அடுத்த மாசம் அக்கா பண்ண வேண்டிய சீன நான்தாங்க பண்ணப் போறேன்” என்றாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அக்காவுக்குக் குடுத்த மாதிரியே உனக்கும் நம்ம கடையில இருந்து புடவ தரேம்மா. அவ கட்டினததான் நீயும் கட்டணும்” என்றார். தேவி அவர் காலைத் தொட்டாள். அது நெருப்புக் காட்சி என்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா கடைப் புடவை நெருப்பில் என்ன ஆகும் என்பது தேவிக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். சுற்றிலும் உறவுக்காரர்கள். 

செய்தி அன்று காலையில்தான் வந்திருந்தது. சென்னை பஸ்ஸுக்காக ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. சினிமாவிலும் சீரியலிலும் கதாநாயகிகளுக்குப் பதிலாக விழுந்து, குதித்து, எரிந்து பிழைத்த குமுதா அத்தையை உங்களில் பலருக்குத் தெரியும். அதனால் வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, “ஷூட்டிங்லயா?” என்பதுதான். பஸ் ஸ்டாண்டில் என்றதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். பிறகு ஒரே வாக்கியம். “எத்தினி மாடியில இருந்து குதிச்சவங்க, கடைசியில பஸ் ஸ்டாண்டுல பூட்டாங்களே!” மாடிக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. மாலைக்குள் எனக்கு அழுகை நின்று எரிச்சல் வந்துவிட்டது.

உயிரோடு இருந்தபோதும் அத்தை மேல் எனக்கு எரிச்சல்தான். நினைவஞ்சலியில் இப்படி எழுதக் கூடாது என்று தெரியும். ஆனால் அவர் மாடியிலும் நாங்கள் கீழேயுமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். வேறு மாதிரி எழுத வரவில்லை.

அவரோடு உட்கார்ந்து சீரியல் பார்க்க முடியாது. கதாநாயகி படியில் உருளுவாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்வார். அத்தை, “ஆம்பள” என்பார். ஆண்களுக்கு விக் வைத்துப் புடவை கட்டி, பெண்களுக்கு டூப் போட வைப்பது அந்தத் தொழிலில் பழைய வழக்கம். அத்தை காலமெல்லாம் சண்டை போட்டது அதனோடுதான். “முட்டிய அகட்டிகினு உருள்றான் பாரு. புடவ கட்டிப் பழகினவளுக்குக் காலு ரெண்டும் தானா சேர்ந்துக்கும்.” அம்மா டிவியின் சத்தத்தைக் கூட்டுவார். அத்தை அதைவிடச் சத்தமாகப் பேசுவார். அந்தக் கதாநாயகி பிழைத்தாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

கல்லூரிக் கபடி அணியோடு சென்னைக்குப் போனவரை ஒரு சண்டைப் பயிற்சியாளர் பார்த்துக் கூப்பிட்டார். முதல் வேலையே கிணற்றில் குதிப்பது. அதற்கென்று வைத்திருந்த ஆணுக்குப் புடவையோடு நீந்த வரவில்லை. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அத்தை அந்த மனிதர் தண்ணீரில் தத்தளித்ததை நடித்துக் காட்டுவார். எங்கள் வீட்டு நாற்காலி ஒன்று அப்படித்தான் உடைந்தது.

ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது கூப்பிடுவார்கள். “குமுதாக்கா, பசங்க பாக்கணும்ன்றாங்க, ஒரு தபா உழுந்து காட்டுங்களேன்.” பாட்டுக்காரியைப் பாடச் சொல்வதுபோல. அத்தையும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்டபத்துப் படியில் உருளுவார். கைதட்டுவார்கள். சேவூரில் ஒரு வரவேற்பில் மணப்பெண்ணைவிட இவரோடு போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் அதிகம். திரும்பும் வழியில் எனக்குத் தாங்கவில்லை.

“கேட்டா உழுந்துடுவீங்களா அத்தை? உங்களுக்கு வெக்கமே இல்லியா?”

“உன்ன யாராச்சும் பாடச் சொன்னா பாடுவியா?”

“மாட்டேன்.”

“அதான் உன்ன யாரும் கூப்பிடறதே இல்ல.”

இவ்வளவு வெளிப்படையான மனுஷி, வீட்டில் மட்டும் வாய் கூசாமல் பொய் சொல்வார். ஒருமுறை பைக்கிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கி வந்தபோது அப்பா சாப்பிடாமல் கிடந்து ரகளை செய்துவிட்டார். அதற்குப் பிறகு, “இன்னா சீனுக்கா?” என்று அவர் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். “சும்மா ஒரு சீன்டா. கல்யாணக் கூட்டத்துல நிக்கணும்.” அப்பா நம்பினார். நம்புவது அவருக்கு வசதியாக இருந்தது. என்னிடம் மட்டும் அத்தை உண்மையைச் சொல்வார், நான் யாரிடமும் பேசுவதில்லை என்பதால். அதிகம் பேசாதவளாக இருப்பதில் இது ஒரு பேஜார். எல்லாரும் தங்கள் மூட்டையை நம்மிடம் இறக்கி வைத்துவிட்டு லேசாகப் போய்விடுகிறார்கள்.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “எழுது” என்றார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சீரியலில் கதாநாயகியின் பட்டுப் புடவை குத்துவிளக்கில் பற்றிக்கொள்ளும் காட்சி. அதே நிறத்தில் டூப்புக்கு மலிவான நைலான் புடவை ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். அத்தை கட்ட மாட்டேன் என்றார். நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சுத்தப் பட்டு மெதுவாகப் பிடிக்கும், நெருப்பை விலக்கினால் தானே அடங்கும். உள்ளே ஈரப் பருத்தி, மேலே பட்டு என்பது அவர் வழக்கம். “எங்க ஊர்லயே இருக்குது, எங்க தம்பி கடையில” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். அப்பாவும் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக அச்சு அசலாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “இன்னா சீனுக்கா?” “சும்மா ஒரு சீன்டா.”

எங்கள் ஊரில் பட்டு வாங்க வருகிறவர்கள் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவார்கள். முடி கருகும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பட்டு. உருகி மணியாகத் திரண்டால் கலப்பு. வெளியூர்க்காரர் கேட்டால் கடைக்காரரே தீப்பெட்டியை நீட்டுவார். உறவுக்காரர் கேட்டால் அன்றோடு உறவு முடிந்தது. அத்தை கேட்கவில்லை.

காட்சி எடுத்த மறுநாள் மத்தியானம் அவர் கையில் மருந்து போட்டவள் நான். இடது முழங்கையிலிருந்து தோள்வரை புடவை உருகி ஒட்டியிருந்ததை ஆஸ்பத்திரியில் உரித்து எடுத்திருந்தார்கள். அம்மாவிடமும் அப்பாவிடமும் வெந்நீர் கொட்டிவிட்டது என்று சொல்லியிருந்தார்.

“ஒரு இழைய கொளுத்திப் பாத்திருக்கலாம் இல்ல?” என்றேன்.

“கூடப் பொறந்தவன் கடையில உக்காந்து நூல கொளுத்துவாங்களா? அதுக்கு அவனையே கொளுத்தலாம்.”

“அப்போ இப்பவாவது அப்பாகிட்ட சொல்லுங்க.”

“நெருப்பு சீனுன்னு நான் அவனுக்கு சொன்னனா? இல்ல. கலப்புன்னு அவன் எனக்கு சொன்னானா? இல்ல. வுடு. மெதுவா தடவு, ஜல்தி பண்ணாத.”

நான் தடவினேன். இரண்டு பேர் மேலும் வந்த கோபத்தில் மருந்தை அள்ளி அப்பினேன். “சீனுக்கு மேக்கப் போடறவங்க கூட இவ்ளோ அப்ப மாட்டாங்க” என்று அதற்கும் சிரித்தார். அன்றிலிருந்து வேலைக்கான புடவைகளை அவர் வேறு இடத்தில் வாங்கினார். கடைக்கு வருகிறவர்களிடம் அப்பா மட்டும், “எங்க அக்கா ஷூட்டிங்ல கட்டறது எல்லாமே நம்ம புடவதான்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை பக்கத்திலேயே நின்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் சகிக்கவே முடிந்ததில்லை.

அத்தையைத் தகனம் செய்த மறுநாள், பால் தெளித்துவிட்டு வந்த பிறகு அப்பாவிடம் சொன்னேன். தேவி செய்யப்போவது என்ன காட்சி என்பதிலிருந்து தொடங்கினேன். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“குறுக்கு நூலு மட்டும்தாம்மா கலப்பு. நெடுக்க ஓடறது சுத்தப் பட்டு. ஊர்ல எல்லாருந்தான் செய்றாங்க. கல்யாணத்துக்குக் கட்டற புடவைய எவன் கொளுத்தப் போறான்?”

“அத்தை கட்டிகினு கொளுத்திக்கிட்டாங்கப்பா.”

அவர் துண்டை மடித்தார். பிரித்தார். “வெந்நீர்னு சொன்னாளே” என்றார்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அவரைத் தேற்ற எனக்கு மனம் வரவில்லை. தம்பி மனம் நோகக் கூடாது என்று அக்கா, அக்காவுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை என்று தம்பி. நடுவில் ஒரு கை வெந்தது. இதை அன்பு என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப்போவதில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

அத்தையிடமிருந்து தைரியத்தை எடுத்துக்கொண்டேன் என்று முடித்தால் நன்றாக இருக்கும். அது பொய். உயரத்திலிருந்து தொங்கும்போது கயிறு பிடிக்கிறவர்களைப் பற்றி அவர் ஒன்று சொல்வார்: “எனக்கு பயமே இல்லன்னு சொல்றவன் கையில ரோப்ப குடுக்காத. உன் உசுரு அவனுக்கு வெறும் வெயிட்டு.” யாரை நம்பலாம் என்று நான் படித்த புத்தகங்கள் எதுவும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அதை வைத்துக்கொள்கிறேன். அவர் மேலுள்ள எரிச்சலையும் வைத்துக்கொள்கிறேன். அது இருக்கும்வரை அவர் மாடியில் இருப்பதுபோலத்தான் இருக்கிறது.

காரியம் முடிந்து கடை திறந்த அன்று அப்பா தேவிக்குப் போன் செய்தார். “நம்ம கடைப் புடவ வேணாம்மா. அதுல கலப்பு இருக்குது. நெருப்புக்கு ஆகாது” என்றார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்த தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த வாரம் சென்னையில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். தேவி வேறொரு புடவையைக் கட்டியிருந்தாள். சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.